கருவாட்டுக் கூடையோடு ஜவ்வாது மலைக்கு

ஜவ்வாது மலைக்கு நான் போனது புளிக்காக. தேன் வாங்கப் போகிறவர்கள் உண்டு. சாமி கும்பிடப் போகிறவர்கள் உண்டு. மாற்றல் உத்தரவு வந்து முனகிக்கொண்டே போகிற வாத்தியார்களும் உண்டு. கடலூர் துறைமுகத்தில், மீன் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியே கதியென்று கிடந்த ஒருத்தி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள் என்றால், அவள் பிழைப்பு அந்த அளவுக்கு ஆட்டம் கண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் தொடக்கம் அது.

எங்கள் கடை ஐஸ் கிடங்குக்கு எதிரே இருந்தது. கீற்றுக் கூரை, நீள பெஞ்சுகள், வாசலில் கை கழுவ ஒரு தொட்டி, அவ்வளவுதான். என் நாத்தனார் தனம் விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து வருவாள். நான் சமைப்பேன். என் வீட்டுக்காரர் பரிமாறுவார், கல்லாவும் அவரே. வெளியாள் கிடையாது.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு யார் படகு மீன் குழம்பில் கிடக்கிறதோ அவருக்குத்தான் முதல் இலை. அவர் ஒரு வாய் தின்றுவிட்டு "ஊத்துங்க" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற இலைகளுக்குக் குழம்பு போகும். எப்பேர்ப்பட்ட பசியோடு வந்தவராக இருந்தாலும் அதுவரை வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாமனார் காலத்து ஏற்பாடு இது. சமைக்கிற நானே அதற்கு முன்னால் குழம்பை நாக்கில் வைப்பதில்லை. உப்பு, உறைப்பு எல்லாம் எனக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும்.

முதல் இலையில் பெரும்பாலும் உட்காருகிறவர் கோவிந்தன் அண்ணன். ஒருநாள் அவர் ஒரு வாய் தின்றார், மெதுவாக "ஊத்துங்க" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "ரசம் இருக்குதா தங்கச்சி?" என்று கேட்டார்.

மீன் கடையில் முதல் இலைக்காரர் குழம்பை ஒதுக்கிவிட்டு ரசம் கேட்டால் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது. அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் ரசம் அல்லவா கேட்டார்! அடுத்த வாரம் இன்னும் சிலர் கேட்டார்கள். மாதம் திரும்புவதற்குள் ரசத்துக்குப் பெரிய பானை வைக்க வேண்டியதாகிவிட்டது.

குற்றம் புளியில். போளூர் மண்டிக்காரர் ஒருவர் வருஷா வருஷம் எங்களுக்குப் புளி அனுப்பிவைப்பார். சாக்கில் வராது, மூங்கில் கூடையில், மந்தாரை இலை பரப்பிக் கட்டி வரும். அவர் தொழிலை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அதன்பின் வாங்கின புளியெல்லாம் பல்லைக் கூச வைத்தது. புளித்தது, அதோடு சரி. வெல்லம் போட்டுப் பார்த்தேன், மாங்காய் போட்டுப் பார்த்தேன். குழம்பு வீம்புக்கென்று முறைத்துக்கொண்டு நின்றது.

"சித்திரை பொறந்தா கடைய சைக்கிள் கடைக்காரருக்கு வுட்டுடலாம். அவரும் கேட்டுக்கினே கீறாரு" என்றார் என் வீட்டுக்காரர். பங்குனி பாதி போயிருந்தது. சித்திரை முதல் நாள் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சும் முடிந்துவிட்டது.

தனத்துக்கு வந்ததே கோபம். "புளி கெடைக்கலன்னு கடைய வுடுற ஆளு நீதாண்ணே! அந்தப் புளி மரத்துல காய்ச்சுதா, இல்ல ஆகாசத்துல காய்ச்சுதா? வா அண்ணி, நாம போய்க் கேப்போம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். பரணில் பழைய புளிக்கூடை ஒன்று கிடந்தது. அடையாளத்துக்கு அதை எடுத்துக்கொண்டோம். வெறும் கூடையோடு போகக்கூடாது என்று தனம் அதில் வாளை, நெத்திலி, பால்சுறா என்று கருவாடாக அடுக்கி மேலே சாக்கு வைத்துத் தைத்தாள். மலைக்காரர்களுக்குக் கடல் கருவாடு எங்கே கிடைக்கப்போகிறது, கொண்டாடுவார்கள் என்பது எங்கள் நினைப்பு.

போளூரில் இட்லி நன்றாக இருந்தது, செய்திதான் நன்றாக இல்லை. "அவுரு புளி மலை மேலேர்ந்து வரும்மா. எந்த ஊருன்னு அவுருக்குத்தான் தெரியும்" என்று மண்டியில் கையை விரித்துவிட்டார்கள். மேலே போகிற பஸ்ஸுக்குள் நாங்கள் ஏறியதும் கண்டக்டர் மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாம்மா அது? செத்துப்போன எதையாவது தூக்கினு வர்றீங்களா?"

"செத்துப்போனதுதான். உப்புப் போட்டுக் காயவெச்சிருக்கோம்" என்றாள் தனம்.

கூடை பஸ்ஸின் கூரைக்குப் போனது. மலைப்பாதையில் இரண்டு வளைவு திரும்பியதுமே காக்கைகள் சேர்ந்துகொண்டன. அந்த மலையில் இருந்த காக்கை அத்தனையும் எங்களோடுதான் வந்தது என்று நினைக்கிறேன். பாதி ஏற்றத்தில் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கி ஓடையில் தண்ணீர் மொண்டுவந்தார்கள். பஸ்ஸுக்குள் ஒரு பெரியவர், "கருவாட்டு வண்டி இழுக்க முடியாம நின்னுக்கிச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தனம் கூரைமேல் ஏறி உட்கார்ந்து முந்தானையால் காக்கை ஓட்டினாள். கண்டக்டர் கெஞ்சியும் இறங்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் இப்படி ஒருத்தி நாத்தனாராக வாய்த்ததற்கு மனசுக்குள் சாமிக்கு நன்றி சொன்னேன்.

ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. எங்கள் ஊர்க் காற்று உதட்டில் உப்பைத் தடவிவிட்டுப் போகும். இங்கே காற்றில் ஈரமும் பச்சை இலை வாசனையும். கொள்ளு, சாமை, தேன் என்று தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் ஏலத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் பக்கத்து ஊருக்குக் கேட்கும். இங்கே சந்தையே காதோடு பேசுவதுபோல் நடந்தது. தனம் விலை கேட்டதும் பாதிச் சந்தை திரும்பிப் பார்த்தது.

கூடையைத் தூக்கித் தூக்கிக் காட்டினோம். தேன் விற்ற ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டே விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "இந்தப் பின்னல் ஏரிக்கு அப்பால இருக்குற ஊரு. வெள்ளையம்மா வூட்டுக்காரு கை. நேராப் போங்க, ஓட தாண்டினா வேலிகாத்தான் முள்ளு இருக்காது, புளிய மரமா வரும்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. என்மேல் அடித்த கருவாட்டு வாசனையில் அவள் சம்மதித்திருக்க மாட்டாள்.

நடந்தோம். செருப்பு அறுந்தது. ஓடை தாண்டியதும் அவள் சொன்னபடியே புளிய மரங்கள் வந்தன. ஊர் எல்லையில் பாதையின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதன் அந்தப் பக்கம் நின்ற மஞ்சள் வேட்டிக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"கூடையில இன்னாங்க?"

"கருவாடுங்க. உங்களுக்குத்தான்" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அவர் இரண்டடி பின்னால் போனார். "காலைலதான் அம்மனுக்குக் காப்பு கட்டினோம். காப்பு எறங்குற வரைக்கும் கவிச்சி ஊருக்குள்ள வரக்கூடாதும்மா."

திருவிழா தொடங்குகிறது என்று பூசாரி கையில் மஞ்சள் துணியால் காப்புக் கட்டிவிட்டால் ஊரில் மீன், கறி கிடையாது. இது எனக்கும் தெரியாததில்லை. எங்கள் ஊரிலும் அம்மன் இருக்கிறாள். ஆனால் ஊர் ஊருக்கு நாள் வேறு. வருஷத்தில் அத்தனை நாள் கிடக்க, அன்றைக்குப் பார்த்தா நாங்கள் கருவாட்டுக் கூடையோடு போய் நிற்க வேண்டும்?

வெள்ளையம்மாவைக் கூட்டிவந்தார்கள். ஏறக்குறைய என் வயதுதான். கூடையை எட்ட இருந்தே பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "எங்க வூட்டுக் கூடையாச்சே இது! எங்கேர்ந்து வர்றீங்க?" கடலூர் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. கடல் என்றேன். "அம்மாந் தொலைவா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் ஆண்டியப்பன் பேசாத மனுஷர். எல்லைக்கு வெளியே இருந்த ஒரு மரத்தில் ஏறி, நாய்க்கும் நரிக்கும் எட்டாத கிளையில் கூடையைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். காக்கைக்கு எட்டாதிருக்க மேலே முள் வைத்துக் கட்டினார். "கடல்ல பொறந்தது மரத்துல தொங்குது பாரு அண்ணி" என்றாள் தனம். நாங்கள் ஓடையில் தலை முழுகி, வெள்ளையம்மா கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் போனோம்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். ஒரு வாய் வைத்தேன். முதலில் ஒரு புளிப்பு, அது அடங்குமுன் பின்னாலிருந்து ஒரு தித்திப்பு. வருஷம் முழுக்க நான் பானை பானையாகத் தேடியது அதுதான். என் குழம்பு அங்கே மீன் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளையம்மா பயந்துபோய், "காரங்களா?" என்று தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள்.

விஷயத்தைச் சொன்னோம். "குத்தகைக்காரங்க பாதிக் காயிலயே அடிச்சி உலுக்கிடுவாங்க. நாங்க ஓடு கலகலன்னு ஆடுற வரைக்கும் கை வெக்கமாட்டோம். அதான் போல" என்றாள் அவள். பின்கட்டில் கொட்டையெடுத்த புளி கூடை கூடையாக இருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு கூடை கொடுங்கள் என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "காப்பு கட்டிட்டா ஊருல வெளைஞ்சது எதுவும் எல்ல தாண்டாதுங்க" என்றாள் வெள்ளையம்மா, தப்புச் செய்தவள் மாதிரி. "எறங்கட்டும். கேட்ட அளவு தர்றோம்."

"ஒரு பிடி?" என்றாள் தனம்.

"ஒரு கொட்டகூட போவாது."

தனம் ஏலத்தில் பேசுவதுபோல் எல்லா விதமாகவும் பேசிப் பார்த்தாள். கெஞ்சினாள், அதட்டினாள், அம்மனே எங்களை அனுப்பினாள் என்றுகூடச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. கருவாடு உள்ளே வரக்கூடாது, புளி வெளியே போகக்கூடாது, நான் மட்டும் நடுவில் நின்று கடையை இழக்க வேண்டுமா? சித்திரை பிறந்தால் கடை போய்விடும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வெள்ளையம்மா யோசித்தாள். "காப்பு எறங்குனதும் நானே எடுத்தாந்து தர்றேன். நீங்க கவலைப்படாம போங்க."

போளூருக்குக் கீழே ஊர் பார்த்திராதவள் அவள். தலையாட்டி வைத்தேன், நம்பவில்லை.

சாயங்காலம் கோயில் முன்னால் கூழ் ஊற்றினார்கள். வரிசையாக உட்கார வைத்து இலைத் தொன்னையில் ஊற்றிக்கொண்டு போனார்கள். தனம் வாங்கினாள், ஒரே மடக்கில் குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால் ஊரே தொன்னையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்கிறது. கடைசி ஆளுக்கும் ஊற்றி முடித்த பிறகு எல்லாரும் சேர்ந்து குடிப்பதுதான் அங்கே முறையாம். "வெயில்ல நடந்து வந்தவங்க, இன்னொரு தபா ஊத்துங்க" என்று வெள்ளையம்மா சமாளித்தாள். இரண்டாவது தொன்னையைத் தனம் பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு காத்திருந்தாள். எல்லாரும் ஒன்றாகக் குடித்தபோது எழுந்த அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் கடையில் ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் சாப்பிடுவார்கள். இங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் வெறுங்கையோடு இறங்கினோம். கூடை மரத்தில் பத்திரமாக ஆடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் முதலில் கைகளைப் பார்த்தார். அப்புறம் உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார்.

"கருவாட்டையும் குடுத்துட்டு சும்மாவா வந்தீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். தனம்தான், "வருவாங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாள் ஆக ஆக அவள் குரலும் இறங்கியது. ரசப் பானை பெரியதாகவே இருந்தது.

சித்திரை முதல் நாள். சைக்கிள் கடைக்காரர் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கும் சேர்த்து உலை வைத்துக்கொண்டிருந்தேன். கோவிந்தன் அண்ணன் படகில் சங்கரா நிறைய விழுந்திருந்தது. கடைசிச் சமையல், மீனாவது நன்றாக அமைந்ததே என்று அரிந்துகொண்டிருக்கும்போது வாசலில் தனத்தின் கூச்சல் கேட்டது.

தலையில் ஆளுக்கொரு கூடை. வெள்ளையம்மாவும் ஆண்டியப்பனும்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"பஸ்ஸ வுட்டு எறங்கி நின்னோம். இவங்க ஏலத்துல கூவுற சத்தம் கேட்டுச்சு. அத்த புடிச்சினே வந்துட்டோம்" என்றாள் வெள்ளையம்மா. "காப்பு எறங்கின அன்னிக்கி ஊர் முச்சூடும் உங்க கருவாட்டுக் கொழம்புதான். அம்மன்கூட ஒருவாய் கேட்டிருப்பா."

ஆண்டியப்பன் அலையடிக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் வாய் திறந்தார். "இம்மாந் தண்ணி கெடக்குது. ஒரு வெள்ளாம இல்லியே."

புளியை ஊறவைத்தேன். கரைக்கும்போதே கை சொல்லிவிட்டது. ஆனால் கை சொல்வதை யார் கேட்பார்கள்? கொதி வந்ததும் மோந்து பார்த்தேன். அன்றைக்கென்று பதற்றத்தில் மூக்கும் அடைத்துக்கொண்டது.

மதியம் கடை நிறைந்தது. சைக்கிள் கடைக்காரர் வெற்றிலைத் தட்டோடு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தார். கோவிந்தன் அண்ணன் வழக்கம்போல் முதல் இலைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் புதியவர்களைப் பார்த்தார். "நம்ம மீனு இன்னிக்கிப் போட்டது. அவங்க புளி எத்தினி வருசமாப் போட்டது! ஒரு நாளாவது எல போட்டமா?" என்று சொல்லி, எழுந்து பக்கத்து இலைக்கு நகர்ந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. மீன்காரருக்கு இலை போடத் தெரிந்த எங்களுக்கு இத்தனை வருஷம் அது தோன்றவே இல்லை.

வெள்ளையம்மா முதல் இலையில் உட்கார்ந்தாள். சோறு வைத்து, சங்கரா மீன் துண்டோடு குழம்பை ஊற்றினேன். கடை முழுக்க அவள் கையைப் பார்த்தது.

அவள் கை அசையவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். நேரம் போனது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஐஸ் கிடங்கு ஆள் ஒருவர், "இன்னா தனம், பட்டினி போடறியா?" என்றார்.

"சாப்பிடுங்க வெள்ளையம்மா" என்றேன்.

"எல்லாருக்கும் ஊத்துங்க. சாப்பிடலாம்" என்றாள்.

அப்போதுதான் தனமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் வாயில் வைக்காமல் நாங்கள் மற்றவர்களுக்கு ஊற்ற மாட்டோம். எல்லாருக்கும் ஊற்றாமல் அவள் வாயில் வைக்க மாட்டாள். இது சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிற்கும்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. குழம்பு சரியில்லையென்றால் ஒருவர் ரசம் கேட்பதோடு போகாது. கடை முழுக்க ஒரே நேரத்தில் கேட்கும், அதுவும் சைக்கிள் கடைக்காரர் முன்னால். என் வீட்டுக்காரர் தன் அப்பா படம் மாட்டியிருந்த சுவரை ஒருதரம் பார்த்தார். வாளியை என் கையிலிருந்து வாங்கினார். ஒவ்வொரு இலைக்கும் ஊற்றிக்கொண்டே போனார், கடைசி பெஞ்சு வரை, சைக்கிள் கடைக்காரர் வரை. ஒருவரும் தொடவில்லை. யாரும் சொல்லாமலே எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ம்" என்றாள் வெள்ளையம்மா.

எல்லாரும் ஒன்றாகப் பிசைந்தார்கள். கோவிந்தன் அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. ஆண்டியப்பன் முள்ளோடு போராட, தனம் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள். வெள்ளையம்மா மட்டும் விரலை நக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "நல்லாகீது. இதுல எங்க புளி எங்க கீது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எல்லாத்துலயும்தான்" என்றேன்.

சைக்கிள் கடைக்காரர் இலையைத் தன் பக்கமாக மடித்தார். கை கழுவி வந்து, வெற்றிலைத் தட்டிலிருந்து தனக்கு ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி மென்றார். "நா வேற எடம் பாத்துக்கறேன். இத்த மூடிட்டா நா மத்தியானத்துல எங்க போறது?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கடை கழுவும்போது வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து ரசப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தார். காலையில் நான் இறக்கி வைத்தபோது இருந்த அளவு அப்படியே இருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டினோம்.